கண்ணாடிக் கதவும் காவல் நாயும்



நாய் வளர்ப்பைப் பற்றிப் பேசப் புகுவோர், அதற்கு இட வேண்டிய உணவைப் பற்றியும் போட வேண்டிய தடுப்பூசியைப் பற்றியும் பேசுவது வழக்கம். இரண்டும் இன்றியமையாதவை என்பதில் ஐயமில்லை. நான் இன்று எடுத்துக்கொண்ட பொருள் அவற்றினும் சிறியதுபோலத் தோன்றும். வீட்டுக் கதவிலும் சாளரத்திலும் பதித்திருக்கும் கண்ணாடியால் நாய்க்கு நேரும் தீங்கையும், அது நேராமல் காக்கும் வகையையும் பற்றிச் சில சொற்கள் கூற விரும்புகிறேன். ‘இதற்கும் ஒரு வானொலிப் பேச்சு வேண்டுமா?’ என்று சிலர் புன்னகை புரியலாம். உடைந்த கண்ணாடி ஒரு விரற்கடை ஆழம் பாய்ந்தால் என்ன நேரும் என்பதைக் கண்ணாற் கண்டவர் புன்னகை புரியமாட்டார்.

நான் வாழும் கீழ்புத்துப்பட்டு, மரக்காணத்து உப்பளங்களுக்குத் தெற்கே, புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி அமைந்த ஊர். எங்கள் ஐயனார் கோயிலையும் அதனைச் சூழ்ந்த கோயிற்காட்டையும் அறிந்தவர் உங்களுள் பலர் இருக்கலாம். ஐயனார் கோயில்களில் மண்குதிரைகளுக்கு அருகே நாயின் உருவத்தையும் செய்து வைக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் பல இடங்களில் உண்டு. காவல் தெய்வத்துக்கும் துணைக்கு ஒரு நாய் வேண்டும் என்று நம் முன்னோர் கருதினர் போலும். விலங்கை வீட்டுப் பிள்ளைபோல வளர்க்கும் பழக்கமும் இந்தக் கரைக்குப் புதிதன்று. ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாடிய சிறுபாணாற்றுப்படை, உமணர் வளர்த்த மந்தி ஒன்று அவர்தம் சிறுவரோடு சேர்ந்து கிலுகிலுப்பை ஆடி மகிழ்ந்ததைக் கூறுகிறது. அந்நூலில் வரும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்று அறிஞர் பலர் கருதுவர்.

எனது இளமைக் காலத்தில் எங்கள் பக்கத்து வீடுகளில் கண்ணாடி என்றால், சுவரில் தொங்கும் முகம் பார்க்கும் கண்ணாடியும், சுவாமி படத்துக்கு முன்னே போட்ட கண்ணாடியுந்தாம். வீடு மண்சுவரும் கூரையுமாக இருக்கும். சற்று வசதியுள்ளவர் நாட்டு ஓடு வேய்ந்திருப்பர். கதவு மரம்; சாளரத்துக்குக் கம்பி. நாய் திண்ணையடியில் படுத்திருக்கும். உள்ளே வரக்கூடாது என்றால் கதவைச் சாத்துவர். மூடிய கதவு மூடிய கதவாகவே அதன் கண்ணுக்குத் தெரியும். கம்பிக்கு அப்பால் தெருவைப் பார்க்கலாம், ஆனால் போக முடியாது என்பதையும் அது ஒரு நாளில் கற்றுக்கொள்ளும்.

இப்போது சாலையின் இருமருங்கும் புதுமனைகள் எழுந்துவிட்டன. கடலைப் பார்த்த சுவர் முழுவதையும் கண்ணாடியாக்கிவிடுவது நாகரிகமாகிவிட்டது. கடலைக் காணக் கடலோரத்துக்குச் செல்ல வேண்டியதில்லை; கூடத்தில் நாற்காலியில் அமர்ந்தே காணலாம். கடற்கரைவாசிகள் ஆகிய எங்களுக்கு இது சற்று வேடிக்கையாகவே இருக்கிறது. ஆயினும் அழகாக இல்லை என்று சொல்லமாட்டேன்.

கண்ணாடித் தொழில் இந்தக் கரைக்குப் பழையது. புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் 1945-ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தார். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நிறம் நிறமாகக் கண்ணாடி மணிகள் செய்த இடம் அது. ஆனால் அன்று கண்ணாடி கழுத்தில் தொங்கியது. வழியை மறித்து நிற்கவில்லை. உருகிய வெள்ளீயத்தின்மேல் உருகிய கண்ணாடியை மிதக்கவிட்டுப் பெரும் பலகைகளாக்கும் முறையை இங்கிலாந்தில் பில்கிங்டன் நிறுவனத்தார் 1959-இல் உலகுக்கு அறிவித்த பிறகே, அலையின்றி நெளிவின்றித் தெளிந்த நீர்போன்ற கண்ணாடி மலிந்தது. நம் ஸ்ரீபெரும்புதூரிலேயே 2000-ஆம் ஆண்டு முதல் அம்முறையில் கண்ணாடி செய்யப்படுகிறது. பழைய கண்ணாடியில் ஒரு நெளிவும் ஒரு குமிழியும் இருக்கும். அவற்றைக் கொண்டு அங்கே கண்ணாடி இருப்பது தெரியும். குறையற்ற கண்ணாடிக்கு அந்த அடையாளமும் இல்லாமற் போயிற்று.

கண்ணாடி ஏன் கண்ணுக்குப் புலனாவதில்லை? நான் பள்ளியில் ஒரு சிறு சோதனை செய்து காட்டுவதுண்டு. ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் கோல் ஒன்றைக் கிளிசரின் நிரம்பிய குவளையில் இறக்கினால், மூழ்கிய பகுதி மறைந்துவிடும். பிள்ளைகள் ‘ஐயா, கோலைக் காணோம்!’ என்று கூவுவர். ஒளி தடைப்பட்டுத் திரும்பினாலன்றிப் பொருள் தெரியாது. கிளிசரினும் அந்தக் கண்ணாடியும் ஒளியை ஏறக்குறைய ஒரே வகையில் வளைப்பதால் அங்கே ஒளி திரும்புவதில்லை. காற்றில் நிற்கும் சாளரக் கண்ணாடி அவ்வளவு மறைவதில்லை. அதன் இரு முகங்களும் சேர்ந்து நேராக விழும் ஒளியில் நூற்றுக்கு 8 பங்களவு திருப்பியனுப்பும். ஆனால் வெளியே வெயில் எரிக்கும்போது, உள்ளே நிற்பவன் கண்ணுக்கு அந்த 8 பங்கு எம்மாத்திரம்? அவன் காண்பது தோட்டத்தை மட்டுமே. வெளியே நிற்பவனுக்கோ உள்ளிருட்டு பின்புலமாகி, அதே கண்ணாடி முகம் பார்க்கும் கண்ணாடி ஆகிவிடும். ஆகவே நாய்க்கு இருவகைத் தீங்கு உண்டு. உள்ளிருந்து பார்த்தால் கதவே இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் எதிரே இன்னொரு நாய் நிற்கிறது. முதல் மயக்கத்தில் ஓடி மோதும். இரண்டாவதில் சண்டைக்குப் பாயும்.

மனிதரே ஏமாறுவர். மயன் சமைத்த மண்டபத்தில் துரியோதனன் பளிங்கு என்று அறியாமல் நெற்றியை மோதிக்கொண்ட கதையை எங்கள் பக்கத்துக் கூத்து மேடைகளில் விடியவிடியக் கேட்டவர் பலர். அவனுக்கு அவமானம் மிஞ்சியது. நாய்க்கு மிஞ்சுவது காயம்.

நாயின் கண்ணைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நமக்கு நிறம் காட்டும் கூம்பணுக்கள் மூவகை, நாய்க்கு இருவகையே. நீலமும் மஞ்சளும் அதற்கு நன்கு தெரியும். சிவப்பும் பச்சையும் மங்கிய ஒரே மாதிரியாகத் தோன்றும். நம்மைப்போல நுட்பமாக எல்லைக் கோடுகளைக் காணும் கூர்மையும் அதற்கு இல்லை. அசைவைக் காண்பதில் மட்டும் நம்மைவிடத் தேர்ந்தது. தோட்டத்தில் அணில் ஒன்று வாலை ஆட்டினால், இடையில் உள்ள கண்ணாடி அதன் கண்ணுக்குத் தெரியாது. அணிலின் வால் தெரியும். மனமும் உடலும் ஒருங்கே அந்த வாலை நோக்கிப் பாயும்.

சிப்பிப்பாறை, கன்னி ஆகிய நம் நாட்டு வேட்டை நாய்கள் இவ்வகையில் மிகுந்த இடருக்கு உரியவை. அவை மோப்பத்தைவிடப் பார்வையால் வேட்டையாடுபவை. மெலிந்த உடல், மெல்லிய தோல், எடுத்த எடுப்பிலே வேகம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பழைய வழக்கம் விடவில்லை, பொறுத்தருள்க. 20 கிலோகிராம் எடையுள்ள நாய் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று கொள்வோம். அது நொடிக்கு 8 மீட்டருக்குச் சற்று மேல். அந்த வேகத்தோடு அது மோதுவது, 20 கிலோ உப்பைக் கட்டி ஏறத்தாழ மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மாடியிலிருந்து, ஒரு கண்ணாடிப் பலகையின்மேல் போடுவதற்கு ஒப்பாகும். சாதாரணக் கண்ணாடி தாங்குமா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் தெருவில் நிகழ்ந்ததைச் சொல்கிறேன். சென்னையில் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவர் கடற்பக்கமாக வீடு கட்டினார். அவர் மகனுக்கு ஒரு சிப்பிப்பாறை. மணி என்று பெயர். ஒரு வெள்ளிக்கிழமை வீடு முழுதும் கழுவித் துடைத்தார்கள். கடற்காற்றில் கண்ணாடியில் படியும் உப்புப்படலமும் துடைத்து நீக்கப்பட்டது. மாலையில் பையன் பள்ளி விட்டு வாயிலுக்கு வரும் ஓசை கேட்டது. மணி எழுந்து ஓடியது. நாள்தோறும் திறந்திருக்கும் கதவு அன்று தரை உலரட்டும் என்று சாத்தியிருந்தது.

சத்தம் கேட்டு நான் சென்றபோது, முன்னங்காலின் உட்புறம், தோளோடு சேரும் இடத்தில், நீளமாகக் கிழிந்து இரத்தம் பெருகிக்கொண்டிருந்தது. பையன் நாயின் தலையைக் கட்டிக்கொண்டு அழுதான். அவன் தாயார் சமையலறையிலிருந்து, ‘ஐயா, காப்பித்தூள் கொண்டு வரட்டுமா?’ என்றார். ‘வேண்டாம் அம்மா, துவைத்த வேட்டி ஒன்று கொண்டு வா’ என்றேன். வேட்டியை மடித்துக் காயத்தின்மேல் வைத்து, உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே, காரில் புதுச்சேரிக்குக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றோம். வழியெல்லாம் பையன் ஒரே கேள்வியைத்தான் கேட்டான்: ‘அது என்னைப் பார்க்கத்தானே தாத்தா ஓடி வந்தது?’ மறுமொழி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மணி பிழைத்தது. தையல் பிரித்த பின்னும் பல வாரம் நொண்டியது.

அந்தக் கதவில் இருந்தது சாதாரணக் கண்ணாடி. உடையும்போது வாளும் ஈட்டியுமாக நீண்ட துண்டுகளாக உடைவது அதன் இயல்பு. சட்டத்திலேயே சில துண்டுகள் நின்றுவிடும். நாய் அச்சத்தில் திரும்பி வந்த வழியே போக முயலும்போது, முதற் காயத்தைவிடப் பெரிய காயம் அப்போதே உண்டாகும். மணிக்கு நேர்ந்ததும் இதுவே. தலையும் மார்பும் வெளியே சென்ற பின், அது பின்வாங்கியதால் தோள் கிழிந்தது.

இதற்கு மாற்றாக இருவகைக் கண்ணாடி உண்டு. ஒன்றைக் கடைக்காரர் ‘டஃபன்டு’ என்பர். வன்மையூட்டிய கண்ணாடி என்று நாம் சொல்லலாம். 600 பாகைக்கு மேல் சுடவைத்துச் சட்டென்று காற்றடித்துக் குளிர்விப்பதால் அதன் மேற்புறம் இறுகிவிடுகிறது. அதே கனமுள்ள சாதாரணக் கண்ணாடியைவிட ஏறக்குறைய 4 மடங்கு வலிமை உடையது. மீறி உடைந்தால் கற்கண்டுபோல மழுங்கிய சிறு துண்டுகளாகச் சிதறும். அவையும் பாதத்தைக் கீறும். ஆயினும் குத்திக் கிழிக்கமாட்டா. மற்றொன்று, இரு கண்ணாடிகளுக்கு இடையே பிசின்தாள் வைத்து ஒட்டிய அடுக்குக் கண்ணாடி. 1903-இல் எடுவார் பெனெதிக்துஸ் என்ற பிரெஞ்சு வேதியியலாரின் ஆய்வுக்கூடத்தில் ஒரு குடுவை கீழே விழுந்து, விரிசல் கண்டும் சிதறாமல் நின்றது. உள்ளே உலர்ந்து படிந்திருந்த ஒரு படலம் துண்டுகளைப் பற்றிக்கொண்டிருந்ததே காரணம். 1909-இல் அவர் அதற்கு உரிமை பெற்றார். மோட்டார் வண்டியின் முன்கண்ணாடி அந்த இனமே.

புதிதாக வீடு கட்டுவோர் கொத்தனாரிடமும் தச்சரிடமும் கேட்கும் நூறு கேள்விகளோடு இதையும் கேட்கலாம்: கதவுக்கும், தரைவரை இறங்கும் சாளரத்துக்கும் பாதுகாப்புக் கண்ணாடிதானா? பாதுகாப்புக் கண்ணாடிக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2553 என்ற எண்ணில் தரவரையறை வகுத்திருக்கிறது. தரமான பலகையின் ஒரு மூலையில் அழியாத முத்திரை இருக்கும். விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் தெரியும். வன்மையூட்டிய கண்ணாடியைப் பிறகு அறுக்க முடியாது. அறுக்க முயன்றால் முழுதும் உதிர்ந்துவிடும். ஆதலின் அளவை முன்பே சரியாக எடுத்துக் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே சாதாரணக் கண்ணாடி பதித்த வீட்டினர் அதைக் கழற்றி எறிய வேண்டியதில்லை. கண்ணாடிமேல் ஒட்டுவதற்கென்றே தடித்த பாதுகாப்புத் தாள்கள் கிடைக்கின்றன. உடைந்தாலும் துண்டுகளை அத்தாள் பிடித்துக்கொள்ளும்.

பணச்செலவே இன்றிச் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. புதுக் கட்டடத்தில் கண்ணாடி பதிப்பவர், வேலை முடிந்ததும் பலகையின் நடுவில் சுண்ணாம்பால் ஒரு பெருக்கற்குறி போட்டுவிட்டுப் போவதைப் பார்த்திருப்பீர்கள். வேலையாட்கள் மோதிக்கொள்ளாமலிருக்கச் செய்யும் ஏற்பாடு அது. புதுமனை புகுவிழாவுக்கு முதல் நாள் அதைத் துடைத்துவிடுகிறோம். அன்றோடு பாதுகாப்பும் போகிறது. அந்தத் தொழிலாளியின் அறிவை நாம் ஏன் துடைத்தெறிய வேண்டும்? வீட்டில் கோலம் போடத் தெரிந்த பெண்கள் இருக்கிறார்கள். வாசற்கோலத்தை நாய் மிதித்துப் போகும். அதையே கண்ணாடியில், நாயின் கண் மட்டத்தில், வெள்ளையாலோ மஞ்சளாலோ ஒரு பட்டையாக வரைந்தால் மிதிக்காது, நிற்கும். நம் ஊர் வேட்டை நாயின் தோளுயரம் ஏறத்தாழ 2 அடி. சிறு நாய்க்கு அதில் பாதி. அதற்கேற்ப முழங்காலுக்குக் கீழே ஒரு பட்டை, இடுப்பளவில் ஒரு பட்டை என இரண்டு இருப்பது நல்லது. பின்னதைக் கண்டு தவழ்ந்தெழுந்து ஓடும் குழந்தையும் நிற்கும். கடைகளில் அழகழகாகச் சிவப்புப் பூக்கள் விற்கிறார்கள். பச்சைத் தோட்டத்தைப் பின்புலமாகக் கொண்ட கண்ணாடியில் சிவப்புப் பூவை நாய் பெரிதும் காணாது; அது நம் கண்ணுக்கு அழகு, அவ்வளவே. ஒரு மூலையில் சிறிய ஒட்டுப்படம் ஒட்டிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருப்பதிலும் பயனில்லை. பலகையின் அகலம் முழுவதும் இடைவெளி நெருங்க அடையாளம் வேண்டும்.

வரைந்ததை நாய்க்குக் கற்பிக்கவும் வேண்டும். கயிற்றில் பிடித்து மெல்ல அழைத்துச் சென்று, மூக்கை அந்தப் பட்டையில் தொடச்செய்து, பிறகு கதவைத் திறந்து விடுங்கள். சில நாள் இப்படிச் செய்தால், ‘இந்தக் கோடு இருந்தால் நின்று கேட்க வேண்டும்’ என்று அது புரிந்துகொள்ளும். முப்பத்தைந்து ஆண்டு பாடம் சொன்னவன் என்ற முறையில் சொல்கிறேன்: அடித்துக் கற்பித்தது அடி மறந்ததும் மறந்துபோகும். ஒவ்வொரு முறை நின்றதற்கும் ஒரு துண்டு கருவாடு கொடுத்துப் பாருங்கள். உப்பில் ஊறாத கருவாடாக இருக்கட்டும்.

உப்புக்காற்று எங்கள் கரைக்கு இன்னொரு தொல்லையும் தருகிறது. இரும்புக் கீலும் திருகாணியும் துருப்பிடித்து, கதவு பாதியில் நின்றுகொண்டிருக்கும். பிற்பகல் கடற்காற்று எழும்பியதும் தடாலென்று அறையும். வாசற்படியில் படுத்திருக்கும் நாயின் வாலோ பாதமோ அகப்பட்டால் எலும்பும் நொறுங்கும், கண்ணாடியும் நொறுங்கும். கதவுக்கு ஒரு கொக்கி, அடியில் ஒரு மரக்கட்டை, துருவேறாத கீல் ஆகிய இவற்றுக்கு ஆகும் செலவு மருத்துவருக்குக் கொடுப்பதைவிடக் குறைவு.

இதுவரை சொன்னது விளையாட்டிலும் வேட்டை வெறியிலும் மோதும் நாயைப் பற்றி. அச்சத்தில் மோதும் நாயின் நிலை இன்னும் கொடிது. அதற்கு எந்தக் கோடும் தெரியாது, தெரிந்தாலும் நிற்காது. இடியும் பட்டாசும் நம் செவிக்கு எட்டும் அளவைவிட மிகுதியாக அதன் செவிக்கு எட்டும். நாம் நொடிக்கு 20,000 அதிர்வு வரை கேட்போம். நாய் 40,000-க்கு மேலும் கேட்கும். தீபாவளியன்று காலை 6 முதல் 7 வரையும் மாலை 7 முதல் 8 வரையும் பட்டாசு வெடிக்கலாம் என்று 2018-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பை ஒட்டித் தமிழ்நாடு அரசு நேரம் வகுத்தது. அந்த நேரத்தைத் தெரு முழுவதும் கடைப்பிடிக்கிறதா என்பது வேறு கேள்வி. நாயை உடையவர் அன்று விடியுமுன்னரே அதை வெளியே அழைத்துச் சென்று வந்து, சாளரம் இல்லாத அறையிலோ, கண்ணாடிக்குமுன் தடித்த திரையும் பலகையும் மறைத்த அறையிலோ, தம் பழைய துணி ஒன்றை விரித்துப் படுக்க வைக்கட்டும். பக்கத்தில் வானொலியைச் சற்று உரக்கப் பாடவிட்டால் வெளியோசை மறையும். நிலையத்தார்க்கு இப்படியும் சில நேயர் கிடைப்பர்.

சாளரத்துக்கு அருகே கட்டிப்போடுவது எல்லாவற்றிலும் தீது. 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்ததை எங்கள் பகுதியினர் மறக்கமாட்டார்கள். மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. அதற்கு முன் 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் வீசியது. இத்தகைய இரவுகளில் கண்ணாடியின்மேல் பெருக்கற்குறியாக ஒட்டுத்தாள் ஒட்டிவிட்டால் உடையாது என்று பலர் நம்புகிறார்கள். அது கண்ணாடிக்கு வலிமை தராது. மரப்பலகையால் மூடுவதே வழி. முடியாதாயின், வீட்டாரும் நாயும் கண்ணாடி இல்லாத உள்ளறைக்குச் சென்றுவிட வேண்டும். கயிற்றில் கட்டிய நாய் உடைந்து விழும் கண்ணாடியிலிருந்து விலகவும் முடியாமல், நீர் ஏறினால் நீந்தவும் முடியாமல் நிற்கும்.

மதில்மேல் சில்லு பதிப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. திருடனுக்கு அஞ்சி உடைந்த புட்டிகளைச் சாந்தில் நட்டு வைக்கும் பழக்கம் இன்னும் நம்மிடையே உள்ளது. திருடன் ஒரு சாக்கை மடித்துப் போட்டு ஏறிவிடுகிறான். பூனையும் நாயுமே அடிபடுகின்றன. நாளடைவில் சாந்து உதிர்ந்து, சில்லு மதிலடியில் மணலுக்குள் புதைந்து கிடக்கிறது. வெறுங்காலோடு விளையாடும் பிள்ளைகள் உள்ள ஊரில் இதை வீட்டுக் காவல் என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

இத்தனையும் செய்தும் காயம் பட்டுவிட்டால் என்ன செய்வது? உங்கள் நாயே ஆயினும், வலியில் இருக்கும்போது கடிக்கும். அது நன்றி கெட்டதன்று. வலி அதன் அறிவை மறைக்கிறது. மூச்சுத் திணறலும் வாந்தியும் இல்லையென்றால், நீண்ட துணிப்பட்டையால் வாயைச் சுற்றிக் காதுக்குப் பின்னே முடியுங்கள். பிறகு தூய துணியை மடித்துக் காயத்தின்மேல் வைத்து அழுத்துங்கள். அழுத்தியதை நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்கக் கூடாது. உறையத் தொடங்கிய இரத்தம் மீண்டும் பெருகும். துணி நனைந்தால் அதன்மேலேயே இன்னொன்றை வையுங்கள். ஆழமாகப் பாய்ந்து நிற்கும் கண்ணாடியைப் பிடுங்க வேண்டாம். அதுவே குழாயை அடைக்கும் தக்கைபோல இரத்தத்தைத் தடுத்துக்கொண்டிருக்கலாம். அதன்மேல் அழுத்தாமல், இருபுறமும் துணிச்சுருள் வைத்துக் கட்டி, மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

காப்பித்தூள், சுண்ணாம்பு, மஞ்சள் ஆகியவற்றைத் திணிப்பது பழைய வழக்கம். அவை இரத்தத்தை நிறுத்துவதைவிட, உள்ளே கிடக்கும் சில்லை மருத்துவர் கண்ணுக்கு மறைப்பதையே நன்றாகச் செய்யும். நமக்கு வலி தீர்க்கும் பாரசிட்டமாலையும் இபுபுரூஃபனையும் நாய்க்குக் கொடுக்கலாகாது. அவை அதற்கு நஞ்சாகும். உதவி செய்தவர் கையில் நாய்ப்பல் பட்டிருந்தால், வீட்டு நாய்தானே என்று விடாமல், 15 நிமிடம் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும்.

நாயின் உடலில் உள்ள இரத்தம் அதன் எடையில் நூற்றுக்கு 8 அல்லது 9 பங்கு. 20 கிலோ நாய்க்கு ஏறத்தாழ ஒன்றே முக்கால் லிட்டர். அதில் மூன்றில் ஒரு பங்கு வெளியேறினால் உயிருக்கே இடர். அரை லிட்டருக்குச் சற்று மேல் என்பது ஒரு செம்பு அளவுதான்; தரையில் சிந்தினால் எத்தனை என்று கணிக்கவும் முடியாது. ஈறு வெளுத்து, உடல் குளிர்ந்தால் ஒரு நொடியும் தாமதிக்கலாகாது. எங்கள் பக்கத்தவர்க்குப் புதுச்சேரி குரும்பாப்பட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எந்த ஊராராயினும், தம் வீட்டிலிருந்து அருகே உள்ள கால்நடை மருத்துவமனை எது, அது எப்போது திறந்திருக்கும், இரவில் யாரைக் கேட்பது என்பதை நாய்க்குட்டி வாங்கிய வாரமே விசாரித்து, நாட்காட்டிக்குப் பின்னால் எழுதி வைப்பது நல்லது.

சிறு காயந்தானே என்று பாதக் காயத்தை எளிதாக எண்ணிவிடாதீர்கள். விரலிடுக்கில் புகுந்த சில்லு வெளியே தெரியாது. நாய் நக்கிக்கொண்டே இருக்கும், நொண்டும். கண்ணாடி பெரும்பாலும் எக்ஸ்-கதிர்ப் படத்தில் தெரியும் என்பதால் மருத்துவர் கண்டெடுத்துவிடுவார். கட்டுப் போட்ட பின் அது பல்லால் அவிழ்க்காமலிருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டிவிடுவார். அதைப் போட்டுக்கொண்டு அது நடக்கும் கோலத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும். இரக்கப்பட்டுக் கழற்றிவிட வேண்டாம்.

வீட்டில் உடைந்து கிடப்பதை அள்ளுவதிலும் முறை உண்டு. முதலில் நாயையும் பிள்ளைகளையும் வேறறையில் விட்டுக் கதவைச் சாத்த வேண்டும். பெரிய துண்டுகளைத் தடித்த துணி சுற்றிய கையால் எடுத்த பின், துடைப்பத்தை வேகமாக வீசாமல் மெல்லக் கூட்டுங்கள். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, கைவிளக்கு ஒன்றைத் தரையோடு தரையாகச் சாய்த்து அடித்துப் பாருங்கள். கண்ணுக்குத் தப்பிய பொடியெல்லாம் மின்னும். ஈரத் தாளாலோ பிசைந்த மாவு உருண்டையாலோ ஒற்றி எடுத்தால் ஒட்டிக்கொண்டு வரும். அந்த மாவை நாய் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சேர்த்ததையெல்லாம் நான்கைந்து மடிப்புச் செய்தித்தாளில் சுற்றி, அட்டைப் பெட்டியில் இட்டு, மேலே ‘கண்ணாடி’ என்று பெரிதாக எழுதிக் கொடுங்கள். குப்பையைத் தரம் பிரிக்கும் தூய்மைப் பணியாளர் வெறுங்கையோடு வருவதுண்டு. அவர் வருமுன் தெருநாயும் அதைக் கிளறிப் பார்க்கும்.